உங்களுக்குத் தெரியுமா? பனிவண்டிக்கும் மூச்சுத் திணறும்!

புதிதாக விழுந்த பொடிப்பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். ஆனாலும் அந்தப் பனிக்குள் புகுந்து ஓடும் ‘ஸ்னோமொபைல்’ என்னும் பனிவண்டியின் எஞ்சின், காற்றில்லாமல் திணறி நின்றுவிடலாம்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காரில் இருப்பது போன்ற காகித வடிகட்டி பெரும்பாலான பனிவண்டிகளில் கிடையாது. ஈரம் பட்டால் அது உறைந்து அடைத்துக்கொள்ளும். பதிலாகக் காற்று நுழையும் வாயில் ஒரு மெல்லிய வலையோ ஸ்பாஞ்சோ இருக்கும். இடுப்பளவுப் பனியில் வண்டி பாயும்போது மாவு போன்ற தூள் எழும்பி அந்த வலையில் அப்பிக்கொள்கிறது. எஞ்சின் சூட்டில் கொஞ்சம் உருகி, குளிரில் மறுபடி உறைந்து, கண்ணாடித் தகடு போல வலையை மூடிவிடுகிறது. காற்று குறைகிறது, பெட்ரோல் மிஞ்சுகிறது. எஞ்சின் உறுமல் அடங்கி, ஸ்பார்க் பிளக் நனைந்துபோகிறது. வேகம் குறைந்தால் வண்டி பனியில் புதையும். ஆளில்லாத மலைச்சரிவில் இது உயிர்ப் பிரச்சினை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. உள்ளே போன பனி கார்புரேட்டரில் உறைந்தால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் சிக்கிக்கொள்ளும். விசையை விட்டாலும் வேகம் இறங்காது. கைப்பிடியிலேயே எஞ்சினை நிறுத்தும் பொத்தான் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த வலையைக் கையுறையால் தட்டித் துடைக்கச் சில நொடிகள் போதும்.