காவலும் உரிமையும்

பெரியகுளத்தைச் சூழ்ந்த மாந்தோப்புகளில் காய்ப்புக் காலத்தில் காவலாளர் அமர்த்தப்படுவர். வேலி தாண்டி வரும் அயலானைப் பிடித்தல் அவர்க்கு எளிது. தமக்குக் கூலி தருவோரின் சுற்றத்தாரே காய்களைக் கவர்ந்து சென்றால் அவர் என் செய்வார்? அரசு அலுவலரிடையே நிகழும் ஊழலை ஆராயும் அமைப்புகளுக்கும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரசுக்குப் பொருள் வாங்குவதில் கையூட்டு மலிந்தது. அதனை ஆராய 1941-இல் தனிக் காவற்படை ஒன்று நிறுவப்பட்டது. 1963 ஏப்பிரல் முதல் நாளில் மத்தியப் புலனாய்வுத் துறை உருவாகி அப்பணியை ஏற்றது. தமிழகத்தவரான கே. சந்தானம் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, 1964-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமும் தோன்றியது.

அமைப்புகள் பிறந்தன; அவற்றுடன் உரிமையும் பிறந்ததோ எனின், இல்லை. உயர் அலுவலர்மீது விசாரணை தொடங்குமுன் அரசின் இசைவைப் பெறுதல் வேண்டும் என்னும் ஆணை குறுக்கே நின்றது. 1997-இல் வினீத் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையைத் தள்ளியது; துறையின் இயக்குநர் ஈராண்டேனும் பதவியில் நிலைத்திருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. நினைத்தபோது மாற்றப்படக் கூடியவர் அஞ்சாது ஆராய்தல் அரிதன்றோ! ஆனால், தள்ளுண்ட தடை 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மீண்டும் நுழைந்தது. 2014-இல் நீதிபதிகள் ஐவர் அமர்ந்த ஆயம் அதனையும் நீக்கிற்று. 2018-இல் அது வேறோர் உருவில் வந்தது. இம்முறை எல்லா நிலை அலுவலரும் பதவிக் கடமையில் எடுத்த முடிவுகளைப் பற்றி ஆராய முன்னிசைவு வேண்டும் என்றாயிற்று. கையூட்டு வாங்குகையில் கையும் களவுமாகப் பிடிபடுவோர்க்கு மட்டும் அது பொருந்தாது. நேர்மையாளர் வீண் பழிக்கு அஞ்சாது முடிவெடுக்க அஃது ஒரு காப்பு என்பர் அதனை ஆதரிப்போர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும் இசைவு தருவோரே குற்றத்தில் தொடர்புடையராயின், அக்காப்பு யாருக்குப் பயன்படும்?

நிலக்கரிச் சுரங்க வழக்கில் இத்துறையைக் கூண்டுக்கிளி என்று உச்ச நீதிமன்றமே 2013-இல் கடிந்துரைத்தது. அவ்வாண்டில் நிறைவேறிய லோக்பால் சட்டத்தின்படி, இயக்குநரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் தலைமை அமைச்சரோடு எதிர்க்கட்சித் தலைவரும் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியும் இடம் பெற்றனர்.

மாநிலத்திற்குள் புலனாய்வு செய்ய அம்மாநில அரசின் இசைவும் தேவை. மைய அரசு இத்துறையைத் தன் கருவியாக்குகிறது என்னும் ஐயம் எழுந்தபோது மாநிலங்கள் பல அவ்விசைவை விலக்கிக்கொண்டன. தமிழ்நாடு 2023-இல் விலக்கிற்று. ஆயினும் உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ ஆணையிடின் அவ்விசைவு வேண்டியதில்லை என்பது 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.