பேரரசர் மாறும் நேரம்

நாம் கையில் வாங்கும் ரிங்கிட் நோட்டிலுள்ள முகம் மாறுவதில்லை. அது 1957இல் முதல் பேரரசரான நெகிரி செம்பிலான் துவாங்கு அப்துல் ரஹ்மானின் முகம். ஆனால், அரசாங்க அலுவலகத்தில் மாட்டியிருக்கும் பேரரசர் படம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. ஏன் என்று நம் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வோம்?

முடி கைமாற வேண்டிய நேரம் இதுதான் என்பதற்கு உலகில் மூன்று நியாயங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது மரணம். 2022 செப்டம்பர் 8ஆம் நாள் எலிசபெத் அரசியார் மறைந்தார். அந்தக் கணமே மகன் சார்லஸ் மன்னரானார். இரண்டாவது முதுமை. டென்மார்க்கின் மார்கரேத்தே அரசியார் தம் முதுகில் நடந்த அறுவைச் சிகிச்சையைக் காட்டி, 52 ஆண்டுகள் ஆண்டபின் 2024 ஜனவரி 14இல் மகனிடம் முடியை ஒப்படைத்தார்.

மூன்றாவது நம் நாட்டு வழி, அதாவது தவணை. பேரரசருக்கு ஐந்தாண்டு என்று அரசியலமைப்புச் சட்டம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் கூடி, தங்களில் ஒருவரை ரகசிய வாக்கால் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சுல்தான் இல்லாத நம் பினாங்கின் ஆளுநருக்கு அந்தத் தேர்தலில் வாக்கு இல்லை. அவரை நியமிப்பவரே பேரரசர்தான்.

தவணை நடுவில் முறிந்தால் என்ன ஆகும்? 2019 ஜனவரி 6இல் கிளந்தான் சுல்தான் ஐந்தாம் முகமது பேரரசர் பதவியிலிருந்து விலகினார். துணைப் பேரரசரான பேராக் சுல்தான் நஸ்ரின் பொறுப்பைக் கவனித்தார். அடுத்த முறை பகாங்கினுடையது. அங்கே சுல்தான் அகமது ஷா நோயுற்றிருந்தார். உடல்நலத்தைக் காரணமாகக் கொண்டு அவருடைய மகன் அப்துல்லா அரியணை ஏறினார். ஜனவரி 31இல் பேரரசராகவும் பதவியேற்றார். மாதம் முடிவதற்குள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. 2024 ஜனவரி 31இல் முறை ஜொகூருக்கு வந்தது.

இதில் நமக்கும் பாடம் உண்டு. நம் தோட்டத்துக் கோயிலிலும் சங்கத்திலும் சண்டை பெரும்பாலும் யார் தலைவர் என்பதில் வருவதில்லை. எப்போது விலகுவது என்பதில்தான் வருகிறது. 'இன்னும் ஓராண்டு இருக்கட்டும்' என்ற பேச்சிலேயே உறவு கசந்துவிடுகிறது. தவணையையும், நடுவில் பொறுப்பேற்க வேண்டியவரையும் முதல் நாளே எழுதி வைத்துவிட்டால், விலகுகிறவருக்கு மனக்குறை இல்லை. வருகிறவருக்குப் பழியும் இல்லை.