எண்ணி எழுதிய அமைதி: வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகள்

நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் ஸ்காபரோவில்தான் நானும் வசிக்கிறேன். எங்கள் தெற்குக் கரை ஒன்ராறியோ ஏரி. மறுகரை கண்ணுக்குத் தெரியாது. கடல் என்றே தோன்றும். ஆனால் உப்பில்லை. எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் இந்தத் தண்ணீர்தான்.

ஐந்து பேரேரிகளில் இதுவே கடைசி. முதலாவதான சுப்பீரியரின் பரப்பு ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீற்றர். இலங்கைத் தீவு முழுவதும் 65,610 தான். பனியூழிக் காலத்தில் பனிப்பாறைகள் குடைந்த பள்ளங்களில், அவை உருகிய நீர் தேங்கி இந்த ஏரிகள் உருவாகின. கடல் மட்டத்திலிருந்து 183 மீற்றர் உயரத்தில் உள்ள சுப்பீரியரின் நீர் ஹுரோனில் இறங்குகிறது. மிச்சிகன் ஏரியின் நீரும் அங்கே சேர்கிறது. பின்னர் ஈரி ஏரியைக் கடந்து, நயாகராவில் விழுந்து, 75 மீற்றர் உயரத்தில் உள்ள ஒன்ராறியோவை அடைகிறது. அங்கிருந்து சென் லோரன்ஸ் ஆற்றின் வழியே அத்லாந்திக் கடலுக்குப் போகிறது. ஆகவே மேலே கலக்கும் அழுக்கு கீழே உள்ளவரின் குடிநீருக்கும் வரும்.

மிச்சிகன் முழுவதும் அமெரிக்காவுக்குள் உள்ளது. மற்ற நான்கின் நடுவேயும் கனடா - அமெரிக்க எல்லை ஓடுகிறது. அது எப்போதும் அமைதியான எல்லையாக இருந்ததில்லை. 1812இல் போர் மூண்டது. 1813 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஏரி வழியாக வந்து, அன்று யோர்க் எனப்பட்ட ரொறன்ரோவைக் கைப்பற்றியது. பாராளுமன்றக் கட்டடங்கள் எரிந்தன.

போர் முடிந்தபின், 1817இல் ரஷ் - பாகொட் உடன்பாடு வந்தது. ஒன்ராறியோ ஏரியில் தரப்புக்கு ஒரேயொரு சிறு போர்க்கலம், அதில் ஒரேயொரு பீரங்கி என்று அது வரையறுத்தது. 1909இல் எல்லை நீர் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒரு பக்கத்து மாசு மறுபக்கத்தாரின் உடல்நலத்தையோ சொத்தையோ பாதிக்கக்கூடாது என்கிறது அது. அதன் கீழ் அமைந்த கூட்டு ஆணைக்குழுவில் ஆறு பேர். சனத்தொகையில் அமெரிக்கா பல மடங்கு பெரிது. ஆனால் ஆணைக்குழுவில் இரு நாடுகளுக்கும் மும்மூன்று பேர்தான்.

குறைகளும் உண்டு. ஏரிகளைச் சூழ்ந்து காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடிகள் இந்த ஒப்பந்தங்களில் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. 1960களில் ஈரி ஏரி மோசமாக மாசடைந்தது. 1972இல் நீரின் தரம் பற்றிப் புதிய உடன்படிக்கை தேவைப்பட்டது.

போர்க்காலத்தில் தடையாலும் பாஸ் நடைமுறையாலும் தொழிலுக்குப் போக முடியாமல் எங்கள் மீனவர்கள் கரையில் நின்ற நாட்களை நாம் அறிவோம். அதனால் எனக்கு இந்த ஏரிகளின் பரப்பை விட அந்த 1817ஆம் ஆண்டுதான் பெரிதாகத் தெரிகிறது. இந்த அமைதி நல்லெண்ணத்தால் மட்டும் வந்ததல்ல. எத்தனை கப்பல், எத்தனை பீரங்கி என்று எண்ணி, இரு தரப்பும் எழுதி ஒப்பமிட்டதால் வந்தது.