அரம் பிடித்த கையும் ஆசான் கையே!

பேகம்பூர் என்றதும் பெரிய பள்ளிவாசலைச் சொல்வார்கள். ஐதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரால் அமைந்த ஊர் என்பார்கள். நாம் பேச வந்தது அங்குள்ள தோல் ஷாப்பில் உருளும் மர டிரம்மைப் பற்றி!

என்ஜினீயரிங் கல்லூரியில் முதலாண்டு சேரும் பிள்ளைக்கு, மெக்கானிக்கல் படிப்பு என்றால் என்னவென்று எப்படி விளக்குகிறார்கள்? பலகை நிறையச் சூத்திரம் எழுதி! பேகம்பூருக்கு அழைத்து வாருங்கள் என்கிறோம் நாம். மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்றுச் சுற்றுகிறது. தோலும் தண்ணீரும் நிறைந்த டிரம்மோ பத்துப் பதினைந்து சுற்றுத்தான். இடையிலே நடந்தது என்ன? சின்னப் புல்லியிலிருந்து பெரிய புல்லிக்குப் பெல்ட். சின்னப் பல்சக்கரத்திலிருந்து பெரிய பல்சக்கரம். வேகம் நூறில் ஒரு பங்காகக் குறைந்தால், உராய்வில் போனது போக, முறுக்குவிசை நூறு மடங்கை நெருங்குகிறது. டன் கணக்கான பாரம் புரள்கிறது!

டிரம் ஓட்டும் தோழருக்கு இந்தக் கணக்குத் தெரியாமலிருக்கலாம். ஆனால் பெல்ட் வழுக்கும் ஓசை கேட்டதும் எழுந்து ஓடுவார். கணக்குத் தெரிந்த மாணவனுக்கு அந்த ஓசை தெரியாது. இருவரையும் ஓரிடத்தில் நிறுத்த வேண்டாமா?

அடுத்து, திண்டுக்கல் பூட்டைப் பிரித்துக் காட்டுங்கள். உள்ளே ஸ்பிரிங் அழுத்திய லீவர் தகடுகள். சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு தகட்டை அதற்குரிய உயரத்துக்குத் தூக்குகிறது. எல்லாத் தகட்டின் வாயும் ஒரே நேரில் நின்றால்தான் தாழ் நகரும். குறையத் தூக்கினாலும் திறக்காது, கூடத் தூக்கினாலும் திறக்காது. இங்கிலாந்தின் இராபர்ட் பாரன் 1778இல் காப்புரிமை பெற்ற தத்துவம் இது. நம் தொழிலாளி இந்த நுட்பத்தை அரத்தால் ராவி ராவியே கொண்டுவருகிறார். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்து என்ன? அலிகாரின் இயந்திரப் பூட்டு மலிவாக வந்து கடையை நிரப்புகிறது.

பட்டறைக்காரர் தம் மகனை அரம் பிடிக்க விடுவதில்லை; படிக்க அனுப்புகிறார். அது சரியே! ஆனால் அந்த மகன் வகுப்பிலே, "அப்பா என்ன வேலை?" என்ற கேள்விக்குக் குரலைத் தாழ்த்துகிறானே, அதுதான் நம் நெஞ்சைச் சுடுகிறது.

கோவையில் 1945இல் பொறியியல் கல்லூரி எழக் காரணமாயிருந்த ஜி.டி. நாயுடு, நான்காண்டுப் படிப்பு வீண், இரண்டாண்டு போதும் என்று வாதாடினார். அரசு ஏற்கவில்லை, அவர் விலகிவிட்டார். இரண்டாண்டு போதும் என்பதை நாமும் ஒப்பவில்லை. கணிதத்துக்குக் காலம் வேண்டும். ஆனால் கை அழுக்காகாத படிப்பு அரைப் படிப்பு என்ற அவர் கட்சியே நம் கட்சியும்.

எனவே மாவட்டத்துக் கல்லூரிகளைக் கேட்கிறோம்: முதலாண்டு மாணவரை ஒரு வாரமாவது பட்டறைக்கும் தோல் ஷாப்புக்கும் அனுப்புங்கள். வேடிக்கை பார்த்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்ப அல்ல. கற்றுக் கொடுக்கும் தொழிலாளிக்கு அந்த வாரம் ஆசிரியருக்குரிய ஊதியத்தைக் கணக்கிட்டுக் கையில் கொடுங்கள்.