பயணத்திலுள்ள செய்தியைக் காத்தல்: நிறுவனச் செய்தி இடைமென்பொருளுக்கான பேரிடர் மீட்புத் திட்டம்

முன்னுரை

தமிழாய்வுலகம் தரவிழப்பின் பொருளை நூலகத்தின் வாயிலாக அறிந்தது. 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. பின்னாளில் 1998இல் மதுரைத் திட்டமும் 2005இல் நூலகம் திட்டமும் தோன்றித் தமிழ் நூல்களுக்கு மின்படிகளை உருவாக்கின. இவை காப்பன ஓரிடத்தில் நிலைத்திருக்கும் பொருள்கள். ஒரு நூலுக்கு நல்ல படி வேறோர் ஊரில் இருக்குமாயின், மூலம் அழிந்தாலும் உள்ளடக்கம் பிழைக்கும்.

ஆயின், வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம் ஆகியவற்றின் அன்றாட வாழ்வைத் தாங்குவது ஓரிடத்தில் நிற்கும் தரவு மட்டுமன்று. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சென்றுகொண்டிருக்கும் செய்தியுமாகும். அதனைப் பேரிடரிலிருந்து காக்கும் முறை நூலைக் காக்கும் முறையினின்று அடிப்படையில் வேறுபட்டது என்பதையும், அவ்வேறுபாட்டிலிருந்தே மீட்புத் திட்டம் தொடங்கவேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

1. செய்தி இடைமென்பொருளின் இயல்பு

இரு கணினிச் செயலிகள் நேருக்கு நேர் பேசாமல், இடையே உள்ள ஒரு வரிசையில் செய்தியை இட்டும் எடுத்தும் பணிபுரியச் செய்வதே செய்தி இடைமென்பொருள். அனுப்புநர் இயங்கும் வேளையில் பெறுநர் உறங்கலாம். விழித்தபின் தன் வரிசையிலிருந்து செய்தியை எடுத்துக்கொள்ளும். ஐபிஎம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட எம்கியூசீரிஸ், 2007இல் வெளிவந்த ராபிட்எம்கியூ, லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011இல் திறமூலமாக்கப்பட்ட காஃப்கா ஆகியவை இவ்வகையைச் சார்ந்தவை.

பாரிசு மாநகரின் லா சப்பல் பகுதியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தமிழ்க் கடைகள் நிறைந்த போபூர் சென் தெனி வீதியில் ஒருவர் யாழ்ப்பாணத்திலுள்ள தம் தாய்க்கு 200 ஈரோ அனுப்புகின்றார் எனக் கொள்வோம். கடைக் கணினி தொகையைப் பதிந்து, ஒரு செய்தியை வரிசையில் இடுகின்றது. யாழ்ப்பாண வங்கிக் கிளையின் செயலி அச்செய்தியை எடுத்துத் தன் ஏட்டில் பதிந்தபின், தாய்க்குப் பணம் கிடைக்கின்றது. இவ்விரு பதிவுகளுக்கும் இடைப்பட்ட நேரத்தில் அப்பணம் அனுப்பியவரிடமும் இல்லை, பெறுபவரிடமும் இல்லை. அது இருக்குமிடம் வரிசை ஒன்றே. அந்நேரத்தில் வரிசையைத் தாங்கும் கணினி எரிந்தால் என்னாகும் என்பதே நம் வினா.

2. இரு பேரிடர்கள் தரும் பாடம்

2021 மார்ச் 10 நள்ளிரவு கடந்த வேளையில், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பற்றியது. ஐந்து மாடிகொண்ட எஸ்பிஜி2 என்னும் கட்டடம் முற்றாக அழிந்தது; அருகிலிருந்த எஸ்பிஜி1 கட்டடத்தின் ஒரு பகுதியும் எரிந்தது. எஞ்சிய இரு கட்டடங்களைத் தீ அழிக்கவில்லை; எனினும் அவற்றின் இயக்கமும் நிறுத்தப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை. வேறு நகரில் படி வைத்திருந்த வாடிக்கையாளர் மீண்டனர். தரவும் படியும் ஒரே வளாகத்தில் இருந்தோர் இரண்டையும் இழந்தனர். இது தொடர்பான வழக்கொன்றில் லீல் நகர வணிக நீதிமன்றம் 2023 சனவரியில் வாடிக்கையாளர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரே கூரையின்கீழ் உள்ள படி, பேரிடரின்போது படியாகாது என்பது இங்குக் கிடைக்கும் பாடம்.

இரண்டாவது கொழும்பில் நிகழ்ந்தது. 2023 ஆகத்து 26இல் இலங்கை அரசின் முகிற்கணினி அமைப்பு பணயத் தீநிரலால் தாக்குண்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. இணைப்பிலேயே வைக்கப்பட்டிருந்த காப்புப்படியையும் தீநிரல் பூட்டிவிட்டது. இணைப்பிலிருந்து விலக்கி வைத்த படி இல்லை. மே 17 முதல் ஆகத்து 26 வரையிலான மடல்கள் இழக்கப்பட்டன. அமைப்பு விரைவில் மீண்டது, செய்திகள் மீளவில்லை.

திட்டமிடலின் இரு அளவைகளை இந்நிகழ்வு தெளிவாக்குகின்றது. அமைப்பு எத்துணை நேரத்திற்குள் மீண்டும் இயங்கவேண்டும் என்பது மீள்கால எல்லை. எத்துணை நேரத்துச் செய்திகளை இழக்க ஒப்புகின்றோம் என்பது இழப்பு எல்லை. முதலாவது குறுகியதாக அமைந்ததனால் இரண்டாவதும் குறுகியதாக இருக்கும் எனக் கருதுதல் பிழை.

3. நேற்றைய வரிசை உதவாமை

நாள்தோறும் இரவில் படியெடுத்தல் தரவுத்தளத்திற்குப் பொருந்தும் முறை. அதனையே வரிசைக்கும் கைக்கொண்டால் விளைவது யாது? நேற்றிரவு எடுத்த வரிசைப் படியில் உள்ள செய்திகள் இன்று பெரும்பாலும் உரிய இடம் சேர்ந்திருக்கும். அப்படியை மீளிட்டால் அவை மறுபடியும் புறப்படும். நேற்றுப் பணம் பெற்ற தாய்க்கு இன்று மீண்டும் பணம் செல்லும். அதே வேளை, இன்று காலை அனுப்பப்பட்ட செய்தி அப்படியில் இல்லாமையால், இன்னொரு தாய்க்கு எதுவுமே செல்லாது. இழப்பும் இரட்டிப்பும் ஒருங்கே நிகழும். நூலின் பழைய படி குறையுடையதாயினும் பயனுடையது; வரிசையின் பழைய படியோ தீங்கு பயக்க வல்லது. ராபிட்எம்கியூவின் கையேடு, இயங்கிக்கொண்டிருக்கும் கணினியில் செய்திகளைப் படியெடுப்பதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்துவதும் இங்கு நோக்கத்தக்கது.

4. திட்டத்தின் உறுப்புகள்

முதலாவது, எலும்புக்கூட்டையும் உயிரையும் பிரித்தறிதல். வரிசைகளின் பெயர்கள், பயனர் உரிமைகள், வழித்தடங்கள், பாதுகாப்புச் சான்றிதழ்கள் ஆகியவை மெல்ல மாறுபவை. இவற்றை ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் படியெடுத்து, இணைப்பிலிருந்து விலக்கிய ஓரிடத்தில் வைத்தல் போதும். மீட்பு வேளையில் பல மணிநேரத்தை விழுங்குவது பெரும்பாலும் மறந்துபோன ஒரு சான்றிதழே.

இரண்டாவது, பதிவேடு. நிலைப்புடைய செய்தி எனக் குறிக்கப்பட்டவற்றை இடைமென்பொருள் வட்டில் பதிந்தபின்னரே ஏற்றதாக ஒப்புதல் தரும். ஐபிஎம் எம்கியூவில் இப்பதிவேடு இருவகைப்படும். பழைய இடத்தையே மீண்டும் பயன்படுத்தும் வட்டப் பதிவேடு, மின்தடைக்குப் பின் எழுவதற்கு உதவும். வட்டு பழுதடைந்தால் உதவாது. பழையதை அழிக்காமல் நீளும் தொடர் பதிவேடு அதற்கும் உதவும். ஆனால் இடமும் பராமரிப்பும் மிகுதியாக வேண்டும்.

மூன்றாவது, தொலைவு. ஒவ்வொரு செய்தியையும் மறுநகரில் பதிந்தபின்னரே ஒப்புதல் தருவது உடனிகழ் பகர்ப்பு. இதில் இழப்பு இல்லை. ஆயின் ஒளியிழையில் ஒளி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டரே செல்லும். 100 கிலோமீட்டர் தொலைவுக்குச் சென்று மீள ஒரு மில்லிநொடி ஆகும். பாரிசிலிருந்து ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கு 80 மில்லிநொடியேனும் வேண்டும். ஆகவே நெருங்கிய நகருக்கு உடனிகழ் பகர்ப்பும், நெடுந்தொலைவுக்குச் சற்றுப் பின்தங்கிச் செல்லும் பகர்ப்பும் ஏற்றவை. பின்தங்கும் நேரமே அங்கு இழப்பு எல்லை. பகர்ப்பு நன்மையைப் போலவே தீமையையும் நகலெடுக்கும். அழிக்கப்பட்ட வரிசை மறுநகரிலும் அழியும். ஆதலின் பகர்ப்பு காப்புப்படிக்கு மாற்றாகாது.

நான்காவது, இருமுனை ஒப்புநோக்கு. நம் வணிக மரபில் உண்டியல் முறை நெடுங்காலம் வழங்கியது. அதன் பாதுகாப்பு தாளில் இருந்ததைவிட, இரு முனைகளிலும் தனித்தனியே பேணப்பட்ட ஏடுகளிலும், அவற்றை ஒப்பிட்டுக் கணக்குத் தீர்க்கும் வழக்கத்திலும் மிகுதியாக இருந்தது. கணினிக்கும் இஃதே பொருந்தும். ஒவ்வொரு செய்திக்கும் தனியெண் வேண்டும். பெறுநர் அவ்வெண்ணைப் பதிந்துவைத்து, அதே எண் மீண்டும் வந்தால் புறக்கணிக்கவேண்டும். இவ்வேற்பாடு உண்டெனில், ஐயத்திற்குரிய செய்திகளை அச்சமின்றி மறுபடி அனுப்பலாம். இல்லையெனில், இழப்பை ஏற்பதா இரட்டிப்பை ஏற்பதா என்பதை மேலாண்மை முன்னரே முடிவுசெய்து எழுதிவைத்தல் வேண்டும். தீப்பற்றிய இரவில் அதனைப் பணியாளர் தலையில் சுமத்தலாகாது. மீட்புக்குப் பின் முதலில் இரு ஏடுகளையும் ஒப்பிட்டு, அதன்பின்னரே வரிசைகளைத் திறக்கவேண்டும்.

ஐந்தாவது, ஒத்திகை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் மறுநகருக்கு உண்மையாகவே மாறி, ஒரு நாள் அங்கிருந்தே பணிபுரிந்து, மீண்டும் திரும்பிவரும் பயிற்சி வேண்டும். பலரும் மறப்பது இத்திரும்பும் பாதையையே.

5. கலைச்சொல்லும் மீட்பும்

இப்பொருள் தமிழாய்வு அரங்கிற்கு உரியதா என்னும் வினா எழலாம். மீட்புக் கையேட்டைத் திறப்பவர் அதனை எழுதிய வல்லுநர் அல்லர். அவ்விரவில் பணியிலிருக்கும் ஊழியர். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ உள்ள கிளையில் அவர் பதற்றத்துடன் படிக்கும் ஒவ்வொரு வரியும் ஐயமற விளங்குதல் வேண்டும். தமிழில் காப்புப்படி, பகர்ப்பு, பதிவேடு ஆகிய மூன்றையும் 'நகல்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் காணப்படுகின்றது. இவை மூன்றும் வேறுவேறு இடர்களுக்கான மருந்துகள். "நகல் உள்ளது" என்னும் கூற்று எவ்விடரிலிருந்து காக்கும் என்பதைச் சொல்வதில்லை. எனவே கலைச்சொல்லாக்கம் இங்கு மொழியழகு பற்றியதன்று. பணம் சென்றதா, இல்லையா என்பது பற்றியது.

முடிவுரை

தங்கியிருக்கும் தரவைப் படியால் காக்கலாம். பயணத்திலுள்ள செய்தியைக் காக்க, நிலைப்புடைய பதிவேடு, தொலைவிலுள்ள பகர்ப்பு, இரு முனைகளிலும் ஒப்பிடத்தக்க ஏடு ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும். கூரை வேறுபடவேண்டும் என்பதை ஸ்ட்ராஸ்பூர்க் காட்டியது. இணைப்பும் வேறுபடவேண்டும் என்பதைக் கொழும்பு காட்டியது. புலம்பெயர் தமிழரும் தாயகமும் நாளும் பரிமாறிக்கொள்ளும் பணமும் மடலும் ஆவணமும் இத்தகைய வரிசைகளின் வழியே செல்வதனால், அவற்றை இயக்கும் நிறுவனங்கள் தம் மீட்புக் கையேட்டைத் தமிழிலும் எழுதி, அதனைக் கொண்டே ஒத்திகை நடத்துதல் முதற்படியாக அமையும்.