சிபிடி ஆயில் எடுத்தால் சுகர் குறையுமா?

கஞ்சாச் செடியில் இருக்கிற, ஆனால் போதை தராத வேதிப்பொருள்தான் சிபிடி. அமெரிக்கா, பிரிட்டனில் 'சுகருக்கு நல்லது' என்று நம்பி இதை எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. நிஜமாகவே வேலை செய்யுமா?

பிரிட்டனில் டைப் 2 சர்க்கரை நோயாளிகள் 62 பேரிடம் நடந்த ஆய்வு, 2016-ல் 'டயபடீஸ் கேர்' இதழில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு 13 வாரம், தினமும் 200 மில்லிகிராம் சிபிடி. ரிசல்ட்? சர்க்கரையும் குறையல, நல்ல கொழுப்பும் கூடல.

அமெரிக்காவின் எஃப்டிஏ 2018-ல் சிபிடி மருந்துக்கு அனுமதி தந்தது அரிய வகை வலிப்பு நோய்க்குத்தான். இப்போதுள்ள சப்ளிமென்ட் விதிகள் இதற்குப் பொருந்தாது என்று 2023-ல் சொல்லிவிட்டது.

காரணம் இருக்கு. சிபிடி கல்லீரலைப் பாதிக்கலாம். வார்ஃபரின் போன்ற மாத்திரைகளின் வீரியத்தைக் கூட்டலாம். சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்பினால், நஷ்டம் பர்ஸுக்கு மட்டுமல்ல.