கைப்பேசியில் வந்த பூசையும் புரளியும்



தாப்பாவைச் சுற்றியிருந்த பால்மரத் தோட்டங்களில் பல, இன்று செம்பனைக் காடுகளாகிவிட்டன. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்றுவிட, லயங்களில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் முதியோரே. எங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள லயத்தில், எண்பது வயதைக் கடந்த கத்தோலிக்கப் பாட்டி ஒருவர் இருக்கிறார். நான் கிறிஸ்தவன் அல்லன். ஆயினும் கடிதம் படிக்க வேண்டுமென்றாலும் கைப்பேசி மக்கர் செய்தாலும் வாத்தியாரைக் கூப்பிடுவது தோட்டத்து வழக்கம். இணையமும் கிறிஸ்தவ நம்பிக்கையும் என்ற இன்றைய தலைப்பைப் பேச, அந்தப் பாட்டியின் கைப்பேசியைவிடப் பொருத்தமான பாடநூல் எனக்குக் கிடைக்கவில்லை.

2020 மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் மூடப்பட்டன. ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாத பாட்டிக்கு அது பெரும் இடி. கிள்ளானிலிருக்கும் பேத்தி, தான் வாங்கிக் கொடுத்திருந்த கைப்பேசியில் பூசை வரும் என்று சொல்ல, அதை வரவழைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முகக்கவசத்துடன் வாசலில் நின்றபடியே முகநூலைத் திறந்து கொடுப்பேன். பாட்டி குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, அரிசி டின்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றி முழந்தாளிடுவார். அதே நேரத்தில் கிள்ளானில் பேத்தியும், ஜொகூரில் மகனும் அதே பூசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தோட்டம் கலைந்தபோது பிரிந்த குடும்பம் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே பூசையில் சேர்ந்தது இணையத்தினால்தான். இதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

அம்மாதம் 27ஆம் நாள் மாலை, போப் பிரான்சிஸ் ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் மழையினூடே நடந்து சென்று உலகுக்காக மன்றாடினார். மறுநாள் அதைப் பார்த்த பாட்டி, “வாத்தியாரே, அவ்வளவு பெரிய சாமிக்குக் குடை பிடிக்க ஆளில்லையா?” என்று கேட்டார்.

புதிய கருவியைக் கண்டு கிறிஸ்தவ சமயம் ஒதுங்கி நின்றதில்லை. தமிழெழுத்தில் அச்சான முதல் நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அது 16 பக்கமே கொண்ட கிறிஸ்தவப் போதனை நூல். 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்க், 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். வத்திக்கான் வானொலி 1931இல் தொடங்கியது. அதனை அமைத்துக் கொடுத்தவர் மார்க்கோனியே. 1995இல் வத்திக்கானின் இணையத்தளம் வந்தது. பிலிப்பீன்ஸிலிருந்து தமிழிலும் ஒலித்த வெரித்தாஸ் வானொலி, 2018இல் சிற்றலையை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறியது. நம் தாத்தாமார் முள்ளைத் திருப்பித் திருப்பித் தேடிய குரல், இன்று விரல் தொட்டால் கேட்கிறது.

ஆனால் எல்லாமே கம்பியில்லாமல் வந்துவிடுமா? இங்கேதான் பாட்டி என்னைத் திணறவைத்தார். கத்தோலிக்கர் பூசையில் குருவானவர் அப்பத்தை அர்ச்சித்துக் கொடுப்பார். அது கிறிஸ்துவின் உடலே என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதனை நற்கருணை என்பர்; பாட்டியின் தலைமுறையினர் ‘நன்மை வாங்குதல்’ என்பர். மூன்றாவது ஞாயிறு பூசை முடிந்ததும் பாட்டி சொன்னார்: “சோறு வேகிற வாசம் வருது வாத்தியாரே, இலையிலதான் விழ மாட்டேங்குது.”

பாட்டி சொன்னதையே வத்திக்கான் 2002இல் வெளியிட்ட ‘திருச்சபையும் இணையமும்’ என்ற ஆவணம் வேறு சொற்களில் சொல்லியிருந்தது. போதனை இணையத்தில் போகும், அருட்சாதனங்கள் போகா, நேரில் மனிதர் கூடுவதற்கு இணையம் ஈடாகாது என்பது அதன் கருத்து. அதனால்தான் கைப்பேசிவழிப் பாவசங்கீர்த்தனத்தையும் அச்சபை ஏற்பதில்லை. சீர்திருத்த சபைகளில் கருத்து ஒன்றாக இல்லை. அவரவர் வீட்டில் அப்பத்தை வைத்துக்கொண்டு திரைவழியே திருவிருந்தில் கலந்துகொள்ளலாம் என்று சிலவும், கூடாது என்று சிலவும் 2020இல் முடிவு செய்தன. கணினியில் வல்லவராயிருந்து 2006இல் பதினைந்து வயதில் மறைந்த கார்லோ அக்குத்திஸ் என்ற இத்தாலியச் சிறுவர், 2025 செப்டம்பர் 7இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் உருவாக்கிய இணையத்தளம் நற்கருணை அற்புதங்களைப் பற்றியது. இணையத்தால் கொடுக்க முடியாத பொருளைப் பற்றியே அவர் இணையத்தில் எழுதினார் என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

இனி, கதையின் கசப்பான பகுதி. 2021 பிப்ரவரி 24இல் நாட்டில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. முதியோரின் பெயரை மைசெஜாத்ராவில் பதிந்துவந்த நான் பாட்டியிடம் போனபோது, “வேணாம் வாத்தியாரே. அது 666” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நடந்தது இதுதான். பூசை முடிந்ததும் கைப்பேசியை அணைக்கப் பாட்டிக்குத் தெரியாது. வலையொளி, ஒரு காட்சி முடிந்ததும் அடுத்ததைத் தானே ஓட்டும். எதை ஓட்டினால் மனிதர் நீங்காமல் பார்ப்பார் என்பதே அதன் கணக்கு. அச்சம் மனிதரை நன்றாகப் பிடித்து வைக்கும். ஆகவே, பூசைக்குப் பின்னால் உலக முடிவைப் பற்றி முழங்கும் யாரோ ஒருவர் வந்து நின்றார். அதே வாரத்தில், தடுப்பூசி என்பது மிருகத்தின் முத்திரை என்ற செய்தியும் உறவினர்களின் ஜெபக் குழுவழியே புலனத்தில் வந்தது. அனுப்பியவர் பாட்டியின் தங்கை மகள். அவரைப் பாட்டிக்குத் தெரியும். அதை முதலில் எழுதியவர் யாரென்று எவருக்கும் தெரியாது.

நான் வாதாடவில்லை. பாட்டியின் விவிலியத்தைக் கொண்டுவரச் சொன்னேன். திருவெளிப்பாடு, அதாவது மற்றச் சபையார் வெளிப்படுத்தின விசேஷம் என்று சொல்லும் நூலின் 13ஆம் அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். முத்திரை வலக்கையிலோ நெற்றியிலோ இடப்படும் என்றும், அது மிருகத்தை வணங்குவோருக்குரியது என்றும் இருந்தது. மருந்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. ரோமப் பேரரசின் கொடுமைக்கு உள்ளானவர்களுக்காக எழுதப்பட்ட நூல் அது. 666 என்பது நீரோ மன்னனின் பெயரை எண்ணால் குறித்ததாகவே அறிஞர் பலர் கொள்கின்றனர். தடுப்பூசி ஏற்பது தவறன்று என வத்திக்கான் 2020 டிசம்பரிலேயே அறிவித்திருந்தது. அடுத்த மாதம் போப்பும் போட்டுக்கொண்டார். இவற்றையெல்லாம் நான் சொல்லியும் பாட்டி அரை மனமாகவே இருந்தார். பிறகு பங்குச் சாமியாரிடம் விவரம் சொன்னேன். அவர் கைப்பேசியில் பாட்டியைக் கூப்பிட்டுக் கால்மணி நேரம் பேசினார். தனக்குத் தெரிந்த குரல், நாளைக்கு முகத்துக்கு நேரே கேள்வி கேட்கக்கூடிய மனிதர். அதற்குத்தான் பாட்டி இணங்கினார். ஊசி போடப் போனபோது மட்டும், “எதுக்கும் இடது கையிலயே போடச் சொல்லுங்க வாத்தியாரே” என்றார். அப்படியே செய்தார்கள்.

நேயர்கள் கவனிக்கத்தக்க சிறு செய்திகள் சில உண்டு. புலனத்தில் ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கைமாறி வந்தது என்று பொருள். இத்தகையதை ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும் அனுப்பும்படி 2020 ஏப்ரலில் அந்நிறுவனம் கட்டுப்படுத்தியது. செய்தி மெய்யா பொய்யா என்று பார்க்க, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2017இல் ‘செபெனார்ஞா’ என்ற தளத்தைத் தொடங்கியது. வலையொளியில் அடுத்த காட்சி தானே ஓடுவதை நிறுத்தவும் ஒரு பொத்தான் உண்டு. பாட்டியின் கைப்பேசியில் அதை நிறுத்தி வைத்தேன். சமயச் செய்தியானால், அதைச் சொன்ன போதகரோ சாமியாரோ யார், எந்தச் சபை, நேரில் போய்க் கேட்க முடியுமா என்று வினவுங்கள். இந்துவாகிய எனக்கு வரும் செய்திகளுக்கும் இதே கேள்விதான்.

கோயில் மீண்டும் திறந்தபின் என் காரிலேயே பாட்டியை அழைத்துச் சென்றேன். வரிசையில் கைத்தடியோடு போய் நன்மை வாங்கித் திரும்பியவர், வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை. இப்போது முழங்கால் வலி அதிகமாகிவிட்டதால் பெரும்பாலான ஞாயிறுகளில் கைப்பேசிப் பூசைதான். மாதத்தில் ஒரு நாள் சாமியார் நன்மை எடுத்துக்கொண்டு லயத்துக்கு வருகிறார். அன்று அரிசி டின்மேல் வெள்ளைத் துணி விரித்திருக்கும். கைப்பேசி உள்ளே அலமாரியில் கிடக்கும்.